களத்தின் விதியும் காசின் விதியும்

இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளின் வரலாறு என்றால் பெரும்பாலும் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியைத்தான் சொல்வார்கள். வெறும் எழுத்துகள் ஓடிய திரை, பிறகு முப்பரிமாண நகரங்கள், பிறகு கைபேசி என்று அந்தக் கதை நேர்கோட்டில் போகும். அதன் கூடவே இன்னொரு வரலாறும் நடந்திருக்கிறது. ஆட்டக்காரர்களிடம் காசு வாங்க நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைக்கொண்ட முறைகள், அவை விளையாட்டின் அமைப்பை மாற்றிய விதம், அதற்கு ஆட்டக்காரர்கள் காட்டிய ஒப்புதலும் எதிர்ப்பும் அடங்கிய வரலாறு அது. தொழில் வட்டாரத்தில் அந்த எதிர்ப்பைப் பற்றி ஓர் எளிய விளக்கம் நெடுங்காலமாக உலவுகிறது: ஆட்டக்காரர்களுக்கு எல்லாம் இலவசமாக வேண்டும், எந்த விலை வைத்தாலும் கூச்சல் போடுவார்கள் என்பது. நாற்பது ஆண்டுக் காலப் பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்பதில்லை. நேர்மையாகக் கேட்ட கட்டணத்தை ஆட்டக்காரர்கள் கோடிக்கணக்கில் செலுத்தியிருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஆடும் களத்தின் விதியைச் சிலருடைய காசு திருத்தி எழுதியபோதுதான் அவர்கள் பெரும்பாலும் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கொதிப்பு ஒரு நிலையான அமைப்பாக மாறிய இடங்களில் மட்டுமே அது நீடித்த பயன் தந்தது. இந்த இரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கக் காலக் கட்டணம் இன்று நினைத்துப் பார்க்கவும் முடியாத அளவுக்குக் கடுமையானது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்ற எழுத்து விளையாட்டு, பல்கலைக்கழகக் கணினியில் வேலை குறைவாக இருக்கும் நேரங்களில் வெளியாருக்கும் திறந்துவிடப்பட்டது. அது பின்னர் கம்ப்யூசெர்வ் போன்ற வணிகச் சேவைகளுக்குப் போனபோது மணிக்கணக்குக் கட்டணம் வந்தது. 1985-இல் கம்ப்யூசெர்வில் வெளியான ‘ஐலண்ட் ஆஃப் கெஸ்மாய்’ ஆட, இணைப்பின் வேகத்தைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கு 6 முதல் 12 டாலர் வரை ஆனது. ஆடும் ஒவ்வொரு நிமிடமும் வருவாய் என்றால், ஆட்டக்காரரை நீண்ட நேரம் பிடித்துவைக்கும் மெதுவான அமைப்பே நிறுவனத்துக்கு லாபம். வடிவமைப்பைக் கட்டணமுறை வளைக்கத் தொடங்கியது அப்போதே. ஆனாலும் அந்த முறையில் ஒரு நேர்மை இருந்தது. களத்துக்குள் நுழைந்தபின் பணக்காரரும் மாணவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டார்கள். அதிக நேரம் இருக்க முடிந்தவருக்குச் சாதகம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவரும் அந்த நேரத்தை ஆடித்தான் கழிக்கவேண்டும். காசு கொடுத்து ஒரு வாளை வாங்க எவராலும் முடியாது.

1996 டிசம்பரில் அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவை நிறுவனம் மணிக்கணக்கைக் கைவிட்டு மாதம் 19.95 டாலர் என்ற ஒரே கட்டணத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ‘அல்டிமா ஆன்லைன்’ மாதம் 9.95 டாலர் சந்தாவுடன் வந்தது. அதில் நடந்த முதல் பெரிய எதிர்ப்பு எதைப் பற்றியது என்பது கவனிக்கத்தக்கது. சர்வர்களின் தாமதமும் பிழைகளும் தாங்காமல், ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரங்களின் உடைகளைக் களைந்துவிட்டு அரசரின் கோட்டைக்குள் கூட்டமாகப் புகுந்து நின்றார்கள். 1998-இல் சிலர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். சந்தா வாங்குவதை அவர்கள் குறை சொல்லவில்லை. வாங்கிய சந்தாவுக்கு ஒழுங்கான உலகம் வேண்டும் என்றார்கள். 1999-இல் ‘எவர்குவெஸ்ட்’, 2004 நவம்பரில் மாதம் 14.99 டாலர் சந்தாவுடன் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்று அந்த முறை உச்சத்துக்குப் போனது. 2010 அக்டோபரில் வார்கிராஃப்டின் சந்தாதாரர் எண்ணிக்கை 1.2 கோடி. இலவசத்தைத் தவிர வேறெதையும் ஏற்காத கூட்டம் என்று வருணிக்கப்படும் அதே மக்கள்தான் மாதம் தவறாமல் இந்தத் தொகையைக் கட்டினார்கள். சந்தா முறைக்கும் தனக்கென்று ஒரு வளைவு உண்டு. மாதங்கள் நீளவேண்டும் என்பதால் முடிவில்லாத படிநிலைகளும், சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்யும் ‘கிரைண்ட்’ வேலையும் பெருகின. ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் பொறுத்துக்கொண்டார்கள். ஏனெனில் அந்தச் சலிப்பு எல்லோருக்கும் பொதுவானதாக இருந்தது.

அந்தப் பொதுத்தன்மையை முதலில் உடைத்தது நிறுவனமல்ல, வெளிச்சந்தை. கிரைண்ட் செய்து சேர்த்த பொருளை ஈபேயில் நிஜக் காசுக்கு விற்கும் வழக்கம் தொண்ணூறுகளின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. பொருளாதார அறிஞர் எட்வர்டு காஸ்ட்ரோனோவா 2001-இல் வெளியிட்ட ஆய்வு, எவர்குவெஸ்டின் கற்பனை நாடான நோராத்தின் தனிநபர் உற்பத்தியை 2,266 டாலர் என்று கணித்து, உலக நாடுகளின் வரிசையில் அதற்கு 77-ஆம் இடம் தந்தது. அதே 2001-இல், எவர்குவெஸ்டை நடத்திய சோனியின் வேண்டுகோளின்பேரில் ஈபே அந்த விளையாட்டுப் பொருள்களின் ஏலத்தை நீக்கியது. ஆனால் 2005-இல் சோனியே ‘எவர்குவெஸ்ட் 2’ விளையாட்டுக்கு ஒரு விற்பனைத் தளம் திறந்தது. அதை எல்லாச் சர்வர்களிலும் புகுத்தாமல், விரும்புவோருக்கென ஒதுக்கிய தனிச் சர்வர்களில் மட்டுமே அனுமதித்தது. காசு நுழையும் களமும் நுழையாத களமும் வெவ்வேறாக இருக்கவேண்டும் என்ற ஆட்டக்காரர்களின் எண்ணத்தை அந்நிறுவனம் புரிந்துகொண்டிருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கபடிப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் வாங்குவதை யாரும் குறை சொல்வதில்லை. அதிகம் கட்டிய அணிக்கு இரண்டு புள்ளி முன்கூட்டியே எழுதிவிட்டால், இலவசமாக உள்ளே வந்தவர்கூட எழுந்து போய்விடுவார். ஆட்டக்காரர்களின் நியாயம் இவ்வளவு எளிமையானது.

கிழக்காசியாவில் நடந்தது வேறு வகை. தென்கொரியாவின் நெக்ஸான் நிறுவனம் ‘க்விஸ்க்விஸ்’ என்ற விளையாட்டுக்குச் சந்தா கேட்டபோது ஆட்டக்காரர்கள் பெருமளவில் விலகினார்கள். விளையாட்டை இலவசமாக்கி, பாத்திரத்துக்கான உடை, அலங்காரம் போன்றவற்றை விற்றபோது அவர்கள் திரும்பினார்கள். ஆட்டக்காரர்கள் காசு தரமாட்டார்கள் என்பதற்கு இதை உதாரணமாகக் காட்டுவோர் உண்டு. திரும்பி வந்தவர்கள் காசு கொடுத்தே பொருள் வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வாங்கியது அலங்காரமாக இருந்தவரை களத்தில் தகராறு இல்லை. அதே இலவச முறையை அதன் மறுமுனைக்கு இழுத்துப்போனது சீனாவின் ‘ஜெங்டூ’. ஊட்டச்சத்து மருந்து விற்றுப் பெரும்பணம் சேர்த்த ஷி யூஜூ 2006-இல் வெளியிட்ட இந்த விளையாட்டில், சாவி வாங்கித் திறக்கும் புதையல் பெட்டிகள் இருந்தன. ஒரு நாளில் அதிகப் பெட்டிகளைத் திறந்தவருக்குத் தனிப் பரிசும் இருந்தது. விளையாட்டுக்குள் நாடுகளுக்கிடையே நடக்கும் போரில் வெல்வதும் தோற்பதும் யார் அதிகம் செலவழித்தார் என்பதைப் பொறுத்தது. ஒருவரின் அவமானத்தை மற்றவரின் செலவாக மாற்றும் இந்த இயந்திரத்தைச் சீனாவின் ‘சதர்ன் வீக்லி’ இதழ் 2007 டிசம்பரில் விரிவாக அம்பலப்படுத்தியது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் ஜெங்டூவின் நிறுவனம் நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தது. காசுக்கு வெற்றி விற்பது பெருந்தொழில் என்பதை முதலீட்டாளர்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம் என்றால், அதிர்ஷ்டத்தின் அளவையாவது சொல்லவேண்டும் என்ற கோரிக்கை அடுத்து எழுந்தது. இதில் நெக்ஸானின் ‘மேப்பிள்ஸ்டோரி’ ஒரு பாடநூல் உதாரணம். ஆயுதங்களின் திறனை மறுபடி குலுக்கித் தீர்மானிக்கும் ‘கியூப்’ என்ற பொருளை அது 2010-இல் விற்கத் தொடங்கியது. தேவையான திறன்கள் கிடைக்கும் வாய்ப்பை அதே ஆண்டிலேயே சொல்லாமல் குறைத்தது. 2011-இல் ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்பிய சில சேர்க்கைகளின் வாய்ப்பைப் பூச்சியமாக்கியது. ஒருபோதும் கிடைக்காத ஒன்றுக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் காசு செலவழித்தார்கள். ஏதோ சரியில்லை என்ற சந்தேகம் முற்றி, 2021-இன் தொடக்கத்தில் அவர்கள் ஒளிப்பலகை பொருத்திய லாரிகளை வாடகைக்கு எடுத்து நிறுவனத்தின் வாசலிலும் நாடாளுமன்றத்தின் முன்பும் நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில் கொரிய வணிக நெறியாணையம் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தபோது சந்தேகம் முழுவதும் உண்மையென்று தெரிந்தது. அதே ஆண்டு மார்ச் முதல் வாய்ப்பு விகிதங்களை வெளியிடுவது கொரியாவில் சட்டப்படி கட்டாயமானது. நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஓர் ஆட்டக்காரருக்கு அவர் செலவழித்த தொகையில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் தீர்ப்பை உறுதிசெய்தது. சலிப்பில் புலம்புகிறார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் கணக்கு சரியாக இருந்தது; கணக்கை மறைத்தது விற்றவர்.

எதிர்ப்பு ஒரு நிலையான அமைப்பாக முதலில் உருவெடுத்தது ஐஸ்லாந்தில். சிசிபி நிறுவனத்தின் ‘ஈவ் ஆன்லைன்’ 2003-இல் தொடங்கிய விண்வெளி விளையாட்டு. உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்கள் ஏறத்தாழ அனைவரும் ஒரே அண்டத்தில் வாணிகமும் போரும் நடத்துகிறார்கள். நிறுவன ஊழியர் ஒருவர் தான் சார்ந்த கூட்டணிக்கு அரிய கப்பல் வரைபடங்களை முறைகேடாகத் தந்தது 2007-இல் வெளியானதும், நம்பிக்கை ஆட்டங்கண்டது. அதைச் சரிசெய்ய ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ‘விண்மீன் நிர்வாக மன்றம்’ 2008-இல் அமைந்தது. அதன் உறுப்பினர்களை நிறுவனம் ரெய்க்யாவிக் நகருக்கு அழைத்துப் பேசியது, கூட்டக் குறிப்புகளை வெளியிட்டது. மன்றத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரம் எதுவும் இல்லை. ஆனால் ஆட்டக்காரர்களின் பெயரால் பேச ஒருவர் இருக்கிறார், அவருக்கு விடை சொல்ல நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது என்ற வழக்கம் அதனால் ஊன்றியது. அதே ஆண்டில் ‘பிளெக்ஸ்’ என்ற சந்தாச் சீட்டும் அறிமுகமானது. காசு உள்ளவர் அதை வாங்கி விளையாட்டுப் பணத்துக்கு விற்கலாம். நேரம் உள்ளவர் விளையாட்டுப் பணத்தால் வாங்கிச் சந்தாவைக் கழித்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர்கள் இதைப் பெரிய கலகமின்றி ஏற்றார்கள். புதிதாக எதுவும் ஆகாயத்திலிருந்து விழவில்லை, ஒருவர் உழைத்துச் சேர்த்தது இன்னொருவருக்குக் கைமாறியது என்பதே காரணம்.

மூன்றாண்டு கழித்து அந்த நம்பிக்கை உடைந்தது. 2011 ஜூனில் வெளிவந்த ‘இன்கார்னா’ விரிவாக்கம் விளையாட்டுக்குள் ஒரு கடை திறந்தது. அதில் பாத்திரத்துக்கு மாட்டும் ஒற்றைக் கண்ணாடியின் விலை 60 டாலருக்கும் மேல். அது அலங்காரப் பொருள்தான். விலை நகைப்புக்கு இடமானதே தவிர, அதற்காக மட்டும் யாரும் போர் தொடுத்திருக்க மாட்டார்கள். அதே வாரத்தில் நிறுவனத்தின் உள்ளிதழ் ஒன்று கசிந்தது. பேராசை நல்லதுதானா என்று தலைப்பிலேயே கேட்ட அந்த இதழ், கப்பல்களையும் வெடிமருந்தையும் காசுக்கு விற்பது பற்றி விவாதித்தது. ஆட்டக்காரர்கள் ஜீட்டா என்ற வணிக மையத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு அங்கிருந்த நினைவுச்சின்னத்தை நாள்கணக்கில் சுட்டார்கள்; பலர் கணக்குகளை முடித்தார்கள். இங்கேதான் 2008-இல் அமைத்த மன்றம் கைகொடுத்தது. உறுப்பினர்கள் அவசரமாக ரெய்க்யாவிக் சென்றார்கள். கடை அலங்காரத்தோடு நிற்கும், போர்த்திறன் விற்கப்படாது என்ற உறுதி கூட்டறிக்கையாக வந்தது. அக்டோபரில் தலைமை அதிகாரி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் நிறுவனம் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கினரை நீக்கவேண்டி வந்தது. ஆட்டக்காரர்களைக் கேட்காமல் எடுத்த முடிவின் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் அந்த முடிவில் பங்கில்லாத ஊழியர்கள் என்பது இந்த வரலாற்றின் கசப்பான பகுதி.

காசு களத்தைக் கெடுக்கும் என்பது ஆட்டக்காரர்களின் உணர்ச்சி வாதம் மட்டுமா? அதை ஒரு பெருநிறுவனமே தன் வாயால் ஒப்புக்கொண்டதுண்டு. பிளிசார்டு 2012-இல் வெளியிட்ட ‘டயாப்லோ 3’ விளையாட்டில் நிஜக் காசு ஏலக்கூடம் இருந்தது. வெளிச்சந்தையில் ஏமாறுவதைவிட நிறுவனத்தின் கண்காணிப்பில் விற்பது மேல் என்பது அவர்கள் சொன்ன நியாயம். கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. விளைவு வேறாக இருந்தது. அரக்கரைக் கொன்றால் நல்ல ஆயுதம் விழும் என்பதே அந்த விளையாட்டின் உயிர். ஏலக்கூடத்தில் எப்போதும் இதைவிட நல்லது கிடைக்கும் என்றானபின் கொல்வதில் பொருள் இல்லாமல் போனது. ஏலக்கூடம் விளையாட்டின் அடிப்படையைக் குலைத்துவிட்டது என்று 2013 செப்டம்பரில் அறிவித்த நிறுவனம், 2014 மார்ச் 18 அன்று அதை மூடியது. விற்பனையில் கழிவு வந்துகொண்டிருந்தபோதே மூடினார்கள் என்பதுதான் முக்கியம். அந்தக் கூடத்தில் நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. வெளிப்படையாகவும் ஒழுங்காகவும் நடந்த வியாபாரம்கூட, விளையாட்டின் பரிசு எதுவோ அதையே விலைக்கு வைத்தால், விளையாட்டைக் கொன்றுவிடும் என்பதற்கு அது சான்றாக நின்றது.

2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ விவகாரம் இதைவிடப் பெரும் சத்தத்துடன் நடந்தது. 60 டாலர் கொடுத்து வாங்கிய விளையாட்டில் டார்த் வேடர் போன்ற நாயகர்களைத் திறக்க 60,000 புள்ளிகள் தேவைப்பட்டன. போர்த்திறனைக் கூட்டும் அட்டைகளோ காசு கொடுத்து வாங்கும் ‘லூட் பாக்ஸ்’ என்ற அதிர்ஷ்டப் பெட்டியில் கிடைத்தன. நிறுவனம் தந்த விளக்கத்துக்கு ரெடிட் தளத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பு வாக்குகள் விழுந்தன. முதலில் புள்ளிகளை 75 சதவீதம் குறைத்தார்கள். பிறகு வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பு காசு வாங்குவதையே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் லூட் பாக்ஸில் அலங்காரம் மட்டுமே மிஞ்சியது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் வேறு சில விளையாட்டுகளின் லூட் பாக்ஸ்களைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. ஆட்டக்காரர்கள் வென்றார்கள் என்று அப்போது எழுதப்பட்டது. வென்றது ஒரு விளையாட்டில் மட்டுந்தான். அதே நிறுவனத்தின் கால்பந்து விளையாட்டில் ஆட்டவீரர் அட்டைப் பொதிகள் உலகின் பல நாடுகளில் தொடர்ந்து விற்றன. கோபத்தின் வலிமையும் அதன் எல்லையும் இதில் ஒருசேரத் தெரிகின்றன. பெரிய கூட்டம் ஒரே நாளில் திரண்டால் நிறுவனம் பணிகிறது. கூட்டம் கலைந்ததும் பேச்சுவார்த்தைக்கு யாரும் மிஞ்சுவதில்லை.

கோபத்துக்கும் அமைப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டைவிடப் பொருத்தமான களம் இல்லை. கேம்பிரிட்ஜ் நகரின் ஜேகெக்ஸ் நிறுவனம் 2001-இல் தொடங்கியது அது. விளையாட்டுப் பணத்தை நிஜக் காசுக்கு விற்போரையும், அவர்கள் திருட்டுக் கடன் அட்டைகளால் கட்டும் சந்தாவையும் ஒழிக்க, நிறுவனம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் ஆட்டக்காரர்களுக்கிடையிலான தாராளப் பரிமாற்றத்தையும் ‘வைல்டர்னெஸ்’ போர்க்களத்தையும் நீக்கியது. நோக்கம் நியாயமானது, கேட்காமல் செய்தது தவறு. மூன்றாண்டு மனக்கசப்புக்குப் பின் 2011-இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் 91 சதவீதம் பழையதைத் திருப்பித் தரச் சொன்னது. பிப்ரவரி 1 அன்று அவை திரும்பின. ஆனால் பாடம் நிலைக்கவில்லை. 2012-இல் சுழற்றிப் பரிசு பெறும் சக்கரம் ஒன்று வந்தது. சில வாரங்களில் சுழற்சிகள் காசுக்கு விற்கப்பட்டன. வெளியார் விற்றால் குற்றம் என்று நான்காண்டு போராடிய நிறுவனமே முன்னேற்றத்தை விற்றதை ஆட்டக்காரர்கள் மன்னிக்கவில்லை. ஆண்டிறுதியில் போர்முறையும் மாற்றப்பட்டது. பலர் வெளியேறினார்கள்.

2013 பிப்ரவரியில் நிறுவனம் மறுபடி வாக்குச்சீட்டை நாடியது. 2007 ஆகஸ்டில் சேமித்துவைத்த பழைய பதிப்பைத் திறக்கலாமா என்ற கேள்விக்கு 4,49,351 வாக்குகள் கிடைத்தன. அப்படிப் பிறந்த ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ தொடக்கம் முதலே ஒரு நெறியைப் பிடித்துக்கொண்டது: விளையாட்டில் எதைச் சேர்ப்பதானாலும் வாக்கெடுப்பில் 75 சதவீத ஆதரவு வேண்டும், 2022-இல் அது 70 ஆனது. சக்கரம் இல்லை, பெட்டி இல்லை. 2015-இல் வந்த ‘பாண்டு’ மட்டும் ஈவின் பிளெக்ஸைப் போலக் கைமாறுகிறது. இப்படி ஒரே நிறுவனத்தின் கையில், ஒரே உலகின் இரண்டு கிளைகள் இரண்டு கட்டணமுறைகளுடன் பத்தாண்டுக்கு மேல் அருகருகே நடந்தன. பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் 2019 அறிக்கை, மகன் ரூன்ஸ்கேப்பில் செலவழித்து 50,000 பவுண்டுக்கும் மேல் கடன்பட்டதாக ஒருவர் அளித்த முறையீட்டைப் பதிவுசெய்தது. பழைய பதிப்போ புதியதை ஆட்டக்காரர் எண்ணிக்கையில் வெகுவாக முந்தி, 2025-இல் ஒரே நேரத்தில் 2 லட்சம் பேரைத் தாண்டியது. 2025 நவம்பரில், சக்கரத்தின் வாரிசான ‘டிரெஷர் ஹண்டர்’ முறையை நீக்க ஒரு லட்சம் வாக்குகள் கேட்டது நிறுவனம். அதற்கு மேலேயே கிடைத்தன. 2026 ஜனவரியில் நீக்குவதாக அறிவிப்பு வந்தது. வரலாற்றில் இவ்வளவு தூய்மையான ஒப்பீட்டுச் சோதனை அரிதாகவே வாய்க்கும்.

இக்கட்டுரையின் நிலைப்பாட்டுக்கு எழும் மறுப்புகளில் முதலாவது காசு பற்றியது. சர்வர்களை நடத்தக் காசு வேண்டும். சந்தா கட்ட இயலாத மாணவரும் ஏழை நாட்டவரும் இலவசமாக ஆடுவது, அதிகம் செலவழிக்கும் சிலரால்தான் என்பார்கள். இந்த வாதத்தில் நியாயம் உண்டு, அதை எளிதில் தள்ளக்கூடாது. ஆனால் இலவச நுழைவுக்கு வெற்றியை விற்றே தீரவேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவல்ல. ‘டோட்டா 2’ தன் நாயகர்கள் அனைவரையும் இலவசமாகத் தந்து, அலங்காரங்களை விற்று நடக்கிறது. ‘ஃபோர்ட்நைட்’டின் பெருவருவாயும் உடைகளிலிருந்தும் ‘பேட்டில் பாஸ்’ என்ற பருவச் சீட்டிலிருந்தும் வருவதே. அலங்கார விற்பனை குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், சிறுவர்களின் தரவு தொடர்பான மீறலுக்கும், விரும்பாமலே வாங்கவைக்கும் பொத்தான் அமைப்புகளுக்கும் சேர்த்து, 2022 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 52 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. எதை விற்கிறோம் என்பதைப் போலவே எப்படி விற்கிறோம் என்பதும் கேள்விக்குரியது. இவ்விரண்டும் சரியாக இருந்தால் இலவச விளையாட்டு நடத்த முடியும் என்பதற்குத் தடையேதும் இல்லை.

இரண்டாவது மறுப்பு, ஆட்டக்காரர்கள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்பது. திட்டுகிறார்கள், ஆனால் வாங்குகிறார்கள். விற்பனையே உண்மையான வாக்கு என்பார்கள். வாக்கு என்றால் ஆளுக்கு ஒன்று. விற்பனையில் சிறுபகுதியினரே பெரும்பங்கைச் செலவழிப்பது இந்தத் தொழில் அறிந்த உண்மை. அந்தக் கணக்கு மற்றவர்களின் விருப்பத்தைச் சொல்லாது. மேலும் பக்கத்தில் ஆடுபவர் வாங்கிவிட்டபின் வாங்காதவர் தோற்கவேண்டிய நிலையில், வாங்குவதை விருப்பம் என்று எண்ணுவது பொருந்தாது. மேப்பிள்ஸ்டோரியில் நடந்ததுபோல் வாய்ப்பு விகிதமே மறைக்கப்பட்டிருந்தால், அங்கே ஒப்புதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது மறுப்பு மூன்றிலும் வலுவானது. ஆட்டக்காரர்களிடம் விட்டால் எதுவும் மாறாது, படைப்பை வாக்கெடுப்பால் நடத்த முடியாது என்பது. ஓல்டு ஸ்கூலின் பதிவு இதை ஓரளவு உறுதிப்படுத்துகிறது. ‘வார்டிங்’ என்ற புதிய திறன் 2019 வாக்கெடுப்பில் தோற்றது. முதல் புதிய திறனான ‘செய்லிங்’ 2023-இல் ஒப்புதல் பெற்று, விளையாட்டு பிறந்து 12 ஆண்டு கழித்து 2025 நவம்பரில்தான் வந்தது. வாக்கு வேகத்தைக் குறைக்கிறது. துணிச்சலான யோசனைகள் சில அதில் மடிகின்றன. இதை ஒப்புக்கொண்டே சொல்லவேண்டியது, படைப்பும் கட்டணமும் ஒன்றல்ல என்பது. கதையும் வரைபடமும் போர்முறையும் படைப்பாளியின் கையில் இருக்கட்டும். களத்தில் காசு எதுவரை நுழையலாம் என்பது ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை. அதை ஒருதலையாக மாற்ற எவருக்கும் உரிமை இல்லை. அமைப்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ஈவில் மன்றம் இருந்தும் 2016-இல் திறன் புள்ளிகளைப் பிழிந்தெடுத்து விற்கும் முறை வந்தது. வாக்கெடுப்புக்குப் பெயர்பெற்ற ஜேகெக்ஸ்கூட 2025 ஜனவரியில் சந்தாதாரர்களுக்கு விளம்பரம் காட்டலாமா என்று ஆய்வு நடத்தி, எதிர்ப்பைக் கண்டு மன்னிப்புக் கேட்டது. ஆனால் இவ்விரு இடங்களிலும் ஆட்டக்காரர்கள் எதை வைத்து முறையிடுவது என்று அறிந்திருந்தார்கள். முன்பு கொடுத்த வாக்குறுதி எழுத்தில் இருந்தது.

ஆகவே தீர்ப்பு இதுதான். ஆட்டக்காரர்கள் காசுக்கு எதிரிகள் என்ற பழியை இந்த வரலாறு பொய்யாக்குகிறது. மணிக்கணக்கில் கட்டினார்கள், மாதக்கணக்கில் கட்டினார்கள், அலங்காரம் வாங்கினார்கள். கட்ட மறுத்ததெல்லாம் பெரும்பாலும் தங்கள் உழைப்பின் மதிப்பைக் குறைக்கும் கட்டணத்தைத்தான். விளையாட்டு நடத்தும் நிறுவனங்கள் மூன்றைச் செய்யவேண்டும்: காசு எதுவரை நுழையும் என்று தொடக்கத்திலேயே எழுதித் தருவது, வாய்ப்பு விகிதங்களை மறைக்காமல் வெளியிடுவது, அந்த எல்லையை மாற்ற நினைத்தால் ஆட்டக்காரர்களின் வாக்கைப் பெற்றபின் மாற்றுவது. ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு நாள் கோபத்தில் கிடைத்த சலுகையோடு கலைந்துவிடாதீர்கள். அடுத்த மாற்றம் வருவதற்கு முன்பே வாக்குரிமையைக் கேளுங்கள். அது கிடைத்த களங்களே உங்களுக்காக நிலைத்திருக்கின்றன.